காற்றும் கடிகாரமும்

மேல்நிலை முதலாமாண்டில் அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டி நம்மில் பலரை நாள்தோறும் பள்ளிக்கு அழைத்துச் செல்கிறது. இரண்டு சக்கரம், ஒரு சங்கிலி, இரண்டு பெடல் என அமைந்த அந்த எளிய பொறியைக் கொண்டே ஒரே நாளில் முந்நூறு கிலோமீட்டர் கடப்போரும் இருக்கின்றனர். அவர்கள் விளையாட்டையே தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். வாரத்தில் ஆறு நாள் வேலைக்குச் சென்று, எஞ்சிய நேரத்தில் பயிற்சி செய்பவர்கள். பின்னலாடைத் தொழில் நகரமாகிய திருப்பூரையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் களமாகக் கொண்டு, அத்தகைய ஒருவரின் ஓராண்டுப் பருவம் எவ்வாறு அமையும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

விடியலுக்கு முன்

திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். அன்றிரவு கடைவீதிகள் நிறைந்து வழியும். மறுநாள் விடியலில் பனியன் நிறுவனங்களின் வாயில்கள் மூடிக் கிடக்கும். வாரம் முழுவதும் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் வேன்கள் ஓய்ந்து நிற்கும். சாலையில் பால்வண்டிகளும் நாளிதழ் கட்டுகளை இறக்கும் ஊர்திகளுமே தென்படும். அந்த நான்கரை மணி இருளில், முன்புறம் வெள்ளை ஒளியும் பின்புறம் சிவப்பு ஒளியும் மினுங்க, ஒரு தேநீர்க் கடையருகே நான்கைந்து மிதிவண்டிகள் கூடுகின்றன. பின்னல் எந்திரத்தைப் பழுதுபார்ப்பவர், கணக்கர், பள்ளி ஆசிரியர், ஏற்றுமதி அலுவலகத்தில் பணிபுரியும் பெண் என யாராகவும் அவர்கள் இருக்கலாம்.

இவ்வூரில் 'ஒன்றரை ஷிப்டு' என்பது எல்லாரும் அறிந்த சொல். காலை எட்டரை மணிக்கு உள்ளே சென்றவர் இரவு எட்டரை மணிக்கு வெளியே வருவதே அதன் பொருள். இத்தகைய வேலைநாளுக்கு நடுவே பயிற்சிக்கென நேரம் ஒதுக்க வேண்டுமானால், அது விடியலுக்கு முந்தைய ஒன்றரை மணிநேரத்திலிருந்தோ தூக்கத்திலிருந்தோதான் கிடைக்கும். தொழில்முறை வீரர் வாரத்திற்கு இருபது மணிநேரத்திற்கும் மேல் வண்டி ஓட்டுவார். வேலைக்குச் செல்லும் ஆர்வலருக்கு எட்டு மணிநேரம் கிடைத்தாலே பெரிது. அந்த எட்டு மணிநேரத்தை எப்படிச் செலவிடுவது என்பதே அவருடைய முதன்மையான வினா.

பருவத்தின் கணக்கு

தொலைதூர மிதிவண்டிப் பயணத்திற்கு உலகெங்கும் பொதுவான ஒரு முறை உண்டு. 1904ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் என்னும் பிரெஞ்சு அமைப்பு அதை நெறிப்படுத்துகிறது. இந்தியாவில் ஆடாக்ஸ் இந்தியா என்னும் அமைப்பின்கீழ் கோயம்புத்தூர், சென்னை உள்ளிட்ட பல நகரங்களில் இப்பயணங்கள் நடத்தப்படுகின்றன. இப்பயணத்தைப் 'பிரெவே' என்பர். சான்றிதழ் என்பது அப்பிரெஞ்சுச் சொல்லின் பொருள். பிரெவேயை ஓட்டி முடிப்பவர் 'ரேண்டனர்' எனப்படுவார்.

இதில் முதலிடம், இரண்டாமிடம் என்பவை கிடையா. ஆண், பெண், இளையோர், முதியோர் ஆகிய அனைவருக்கும் ஒரே காலவரம்புதான். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணிநேரத்திலும், 300 கிலோமீட்டரை 20 மணிநேரத்திலும், 400 கிலோமீட்டரை 27 மணிநேரத்திலும், 600 கிலோமீட்டரை 40 மணிநேரத்திலும் முடிக்க வேண்டும். வழியில் குறிப்பிட்ட இடங்களில் அட்டையில் முத்திரையோ வேறு சான்றோ பெற வேண்டும். பின்தொடரும் ஊர்தி உதவிசெய்யக் கூடாது. பஞ்சர் ஒட்டுவதும், உணவு தேடுவதும், வழி தவறினால் திரும்பி வருவதும் ஓட்டுபவரின் பொறுப்பே. நவம்பர் 1 முதல் மறு ஆண்டு அக்டோபர் 31 வரையிலான ஒரு பருவத்திற்குள் இந்நான்கு தொலைவுகளையும் முடிப்பவருக்குச் 'சூப்பர் ரேண்டனர்' என்னும் தகுதி கிடைக்கிறது.

மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் என்பதே ஏறத்தாழக் குறைந்தபட்ச வேகம். இவ்வளவுதானா என்று தோன்றும். பள்ளிக்குத் தாமதமான நாளில் நாமே இதைவிட விரைவாகச் செல்வோம். ஆனால் உண்பதற்கும், பஞ்சர் ஒட்டுவதற்கும், முத்திரைக்காகக் காத்திருப்பதற்கும், கண்ணயர்வதற்கும் கடிகாரம் நிற்பதில்லை. 600 கிலோமீட்டர்ப் பயணத்தை ஒருவர் சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தொடங்கினால், ஞாயிறு இரவு பத்து மணிக்குள் திரும்பியாக வேண்டும். திங்கட்கிழமை காலை எட்டரைக்கு ஷிப்டு காத்திருக்கும்.

இம்மரபின் உச்சமாகக் கருதப்படுவது பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பயணம். பாரிசிலிருந்து பிரான்சின் மேற்குக் கடற்கரை நகராகிய பிரெஸ்ட் வரை சென்று திரும்பும் அந்த 1200 கிலோமீட்டர் ஓட்டம் 1891ஆம் ஆண்டு ஒரு போட்டியாகத் தொடங்கியது. டூர் டி பிரான்ஸ் போட்டி தோன்றியதே 1903இல்தான் என்பதை ஒப்பிட்டால் இதன் பழமை விளங்கும். முதல் ஓட்டத்தில் சார்ல் தெரோன் என்பவர் மூன்று இரவுகளும் உறங்காமல் 71 மணிநேரத்திற்குச் சற்றே கூடுதலான நேரத்தில் வென்றார். பின்னாளில் தொழில்முறைப் போட்டி கைவிடப்பட்டு, ஆர்வலர்களுக்கான பயணமாக அது நிலைத்தது. இன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, அதிகபட்சம் 90 மணிநேர வரம்புடன் நடைபெறுகிறது. 2019, 2023 ஆகிய ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து நூற்றுக்கணக்கானோர் அதில் பங்கேற்றனர். 2019இல் இரவின் கடுங்குளிரும் எதிர்காற்றும் வாட்டியதால் நம்மவருள் பலரால் வரம்புக்குள் முடிக்க இயலவில்லை. குளிருக்கு நம் ஊரில் பயிற்சி எடுக்க வழியில்லை, காற்றுக்கு உண்டு.

மெதுவாக ஓட்டக் கற்றல்

புதிதாகப் பயிற்சி தொடங்குபவர் செய்யும் பிழை பெரும்பாலும் ஒன்றே. நேரம் குறைவு என்பதால் ஒவ்வொரு நாளும் மூச்சிரைக்க ஓட்டுகிறார். முதல் மாதத்தில் வேகம் கூடுகிறது. இரண்டாம் மாதத்தில் நின்றுவிடுகிறது. மூன்றாம் மாதத்தில் முழங்கால் வலியோ சலிப்போ அவரை வீட்டில் அமர்த்திவிடுகிறது. இதற்கான காரணத்தை உடலின் எரிபொருள் கணக்கிலிருந்து அறியலாம்.

நம் தசைகளும் கல்லீரலும் மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் என்னும் வடிவில் சேமிக்கின்றன. அந்தச் சேமிப்பு ஏறத்தாழ 2000 கிலோ கலோரி அளவே. கடுமையாக ஓட்டினால் இரண்டு மணிநேரத்திற்குள் அதன் பெரும்பகுதி தீர்ந்துவிடும். மெலிந்த உடலிலும் சில கிலோகிராம் கொழுப்பு உண்டு. அது பல்லாயிரம் கிலோ கலோரி ஆற்றலைத் தரவல்லது. முன்னது சட்டைப்பையில் உள்ள சில்லறை; பின்னது வங்கியில் உள்ள வைப்பு. சில்லறையை உடனே எடுக்கலாம். வைப்பை எடுக்கச் சற்று நேரமும், போதிய உயிர்வளியும் வேண்டும். மூச்சிரைக்க ஓட்டும்போது தசை சில்லறையையே மிகுதியாகச் செலவிடுகிறது. நிதானமாக ஓட்டும்போது கொழுப்பின் பங்கு கூடுகிறது.

நிதானமான ஓட்டத்தைப் பல மாதங்கள் தொடர்ந்தால் தசைக்குள் மாற்றங்கள் நிகழ்கின்றன. உணவை உயிர்வளியோடு சேர்த்து ஆற்றலாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுகின்றன. தசைநார்களைச் சுற்றி நுண்குருதிக் குழாய்கள் புதிதாகக் கிளைக்கின்றன. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளித்தள்ளும் குருதியின் அளவு கூடுகிறது. ஆகவே அதே வேகத்தில் செல்வதற்கு முன்னைவிடக் குறைந்த துடிப்புகளே போதுமானவை ஆகின்றன. இம்மாற்றங்கள் எவையும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு வாரத்தில் வருவதும் இல்லை. அதனால்தான் தேர்ந்த பயிற்சியாளர்கள் மொத்த நேரத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை நிதானமான ஓட்டத்திற்கும், ஒரு பங்கை மட்டும் கடுமையான ஓட்டத்திற்கும் ஒதுக்கச் சொல்கின்றனர்.

நிதானம் என்பதை அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. அருகில் வருபவரோடு முழு வாக்கியங்களாகப் பேசிக்கொண்டே ஓட்ட முடிந்தால் அது நிதானமான ஓட்டம். சொற்கள் துண்டு துண்டாக வந்தால் வேகம் மிகுந்துவிட்டது. ஊத்துக்குளிச் சாலையில் விடியற்காலையில் இருவர் இணைந்து அரட்டை அடித்தபடி மிதித்துச் செல்வதைக் கண்டு, பயிற்சி என்ற பெயரில் பொழுதுபோக்குகிறார்கள் என்று நாம் எண்ணக்கூடும். உண்மையில் அவர்கள் பாடத்தைச் சரியாகவே படிக்கிறார்கள். (ஊர் எல்லையில் துரத்திவரும் நாய்கள் அப்பாடத்தைச் சற்றுக் கலைப்பதுண்டு. அந்த நேரத்தில் நிதானத்தை யாரும் வற்புறுத்துவதில்லை.)

பயிற்சி உடலைச் சோர்வுறச் செய்கிறது. உடல் வலுப்பெறுவது அதன்பின் வரும் ஓய்வில், குறிப்பாக உறக்கத்தில். பன்னிரண்டு மணிநேர வேலை முடிந்து இரவு பதினொன்றுக்குப் படுத்து, நான்கு மணிக்கு எழுந்து ஓட்டுபவர் பயிற்சியின் முதற்பாதியை மட்டும் செய்கிறார். இது வெறும் வேகக் கணக்கு அன்று. வெட்டுமேசையில் துணி அடுக்கின்மீது மின்கத்தியை ஓட்டுபவருக்கும், தையல் எந்திரத்தின் ஊசிமுனையில் விரல் வைத்திருப்பவருக்கும் ஒரு நொடி கண்ணயர்வு போதும். கனரக ஊர்திகள் செல்லும் அவிநாசிச் சாலையில் அரைத் தூக்கத்தில் மிதிவண்டி ஓட்டுவதும் அப்படித்தான். எனவே அறிந்தோர் காலையில் எழுந்தவுடன் ஒரு நிமிடம் நாடித் துடிப்பை எண்ணிக் குறித்துக்கொள்வர். வழக்கத்தைவிட ஏழெட்டுத் துடிப்பு மிகுந்திருந்தால் உடல் இன்னும் மீளவில்லை என்று கருதி, வண்டியைத் தொடாமல் மீண்டும் படுத்துக்கொள்வர். பயிற்சி நாளேட்டில் அதையும் ஓர் ஓட்டத்திற்கு இணையாகவே எழுதிவைக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆடிக்காற்று

திருப்பூர் மாவட்டத்தின் வடக்குப் பகுதி பெரும்பாலும் மேட்டுச் சமவெளி. மலையேற்றப் பயிற்சிக்கு அருகில் மலை இல்லை. ஆனால் மலைக்கு ஈடான ஒன்று ஆண்டில் நான்கு மாதம் தானே தேடி வருகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் அகலத்திற்கு ஓர் இடைவெளி உண்டு. அதுவே பாலக்காட்டுக் கணவாய். சூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலிலிருந்து வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, மலைச்சுவரில் முட்டி நிற்கும் இடங்களில் மழையாகப் பொழிகிறது. இந்தத் திறந்த வாயிலிலோ நெருக்கிப் பிழிந்தாற்போல் விரைவுகொண்டு கொங்குச் சமவெளிக்குள் நுழைகிறது. பல்லடம், உடுமலைப்பேட்டை, தாராபுரம் வட்டாரங்களில் காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்குக் காரணம் இக்காற்றுதான். ஆடிக்காற்றில் அம்மியும் நகரும் என்பார்கள். மிதிவண்டி ஓட்டுபவருக்கு அம்மி நகர்வதைப் பற்றிக் கவலையில்லை. தாம் நகர்கிறோமா என்பதே கவலை.

காற்றுத்தடை ஏன் இவ்வளவு கடுமையானது? காற்று தரும் எதிர்விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. அந்த விசையை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது. காற்றில்லாத சாலையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் 25 கிலோமீட்டருக்கு உயர விரும்பினால், வேகம் கால் பங்கு மட்டுமே கூடுகிறது. ஆனால் காற்றைக் கிழிக்கச் செலவிடும் திறனோ ஏறத்தாழ இருமடங்காகிறது.

போகும்போது எதிர்காற்றாக இருந்தாலும் வரும்போது பின்காற்றாகிவிடுமே, கணக்கு சரியாகிவிடாதா என்று கேட்கலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். அறுபது கிலோமீட்டர் சென்று திரும்பும் ஒருவர், காற்றில்லாத நாளில் மணிக்கு 30 கிலோமீட்டர் வீதம் நான்கு மணிநேரத்தில் முடிக்கிறார் எனக் கொள்வோம். காற்று வீசும் நாளில் போகும்போது வேகம் 20 ஆகக் குறைந்து, வரும்போது 40 ஆகக் கூடுகிறது. போக மூன்று மணிநேரம். வர ஒன்றரை மணிநேரம். ஆக நாலரை மணிநேரம். காற்று எடுத்துக்கொண்ட அளவை அது திருப்பித் தருவதில்லை. எதிர்காற்றில் நாம் நெடுநேரம் இருக்கிறோம், பின்காற்றில் சிறிது நேரமே இருக்கிறோம் என்பதே இதன் காரணம்.

எனவே ஆடி மாதத்தில் வழித்திட்டம் காற்றைப் பார்த்தே வகுக்கப்படுகிறது. உடலில் வலு இருக்கும் முற்பகுதியில் மேற்கு நோக்கிப் பல்லடம், பொள்ளாச்சிப் பக்கம் செல்வதும், களைத்த பிற்பகுதியில் காற்று முதுகைத் தள்ளத் திரும்புவதும் அறிவுடைமை. காங்கேயம், வெள்ளக்கோவில் என்று கிழக்கே முதலில் சென்றவர், பறப்பது போன்ற மகிழ்ச்சியில் நெடுந்தொலைவு போய்விடுவார். திரும்பும்போதுதான் அந்த வேகம் தம் கால்களுக்கு உரியது அன்று என்பது தெரியவரும். அந்த மாதங்களில் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வேகத்தை அளப்பதைவிட, எத்தனை மணிநேரம் ஒரே சீரான முயற்சியில் மிதித்தோம் என்று அளப்பதே பொருத்தமானது.

காற்றுக்கு எதிரான மற்றொரு வழி கூட்டுறவு. முன்செல்பவரின் பின்சக்கரத்தை ஒட்டி ஒருவர் சென்றால், அவர் தாங்க வேண்டிய காற்றுத்தடை பெருமளவு குறைகிறது. கால் பங்குக்கு மேல் ஆற்றல் மிச்சமாகிறது. ஆகவே வரிசையாகச் செல்வோர் சில நிமிடங்களுக்கு ஒருவர் என முறைவைத்து முன்னே வருகின்றனர். முன்னிற்பவர் குழியைக் கண்டால் கையால் சுட்டிக் காட்ட வேண்டும். காரணமின்றிப் பிரேக் பிடிக்கக் கூடாது. பின்னால் வருபவருக்குச் சாலை தெரியாது. முன்னவரின் முதுகு மட்டுமே தெரியும். பக்கவாட்டுக் காற்று வீசும்போது இவ்வரிசை சாய்கோடாக மாறும். பொதுப் போக்குவரத்து நடக்கும் நம் சாலைகளில் அது இடத்தை அடைத்துவிடும் ஆதலால் அதைத் தவிர்ப்பதே நன்று.

மலையும் இட்டிலியும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து குளிர் தொடங்கும் மாதங்கள் மலைக்கு ஏற்றவை. திருப்பூர், கோவை ஆர்வலர்கள் நாடும் ஏற்றங்கள் சில உண்டு. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் நாற்பது கொண்டையூசி வளைவுகள். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக உதகைக்குச் செல்லும் செங்குத்தான சாலையில் முப்பத்தாறு. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு, பர்லியாறு வழியாகக் குன்னூர் செல்வது மூன்றாவது.

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 330 மீட்டர் உயரத்திலும், குன்னூர் தொடர்வண்டி நிலையம் ஏறத்தாழ 1710 மீட்டர் உயரத்திலும் உள்ளன. வேறுபாடு 1380 மீட்டர். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோகிராம் எனில், அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்கத் தேவையான ஆற்றல் எவ்வளவு? நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் ஆகியவற்றைப் பெருக்கினால் ஏறத்தாழ 1080 கிலோ ஜூல் கிடைக்கும். மனித உடல் உணவிலிருந்து பெறும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கைத்தான் இயக்கமாக மாற்றுகிறது. எஞ்சியது வெப்பமாக வெளியேறுகிறது. ஆகவே ஏறத்தாழ 1000 கிலோ கலோரிக்கும் மேல் உடலில் செலவாகும். ஓர் இட்டிலிக்கு 50 கிலோ கலோரி எனக் கொண்டால், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் என்பது இருபது இட்டிலிக்குக் குறையாத தொலைவு.

இருபது இட்டிலியை ஒரே வேளையில் உண்டுவிட்டு மலையேற முடியாது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. சிறிது சிறிதாக, பசிக்கும் முன்பே உண்ண வேண்டும். வாழைப்பழம், கடலைமிட்டாய், பேரீச்சம்பழம் ஆகியவை சட்டையின் பின்பையில் எளிதில் அடங்கும். பசித்தபின் உண்டால் காலம் தாழ்ந்துவிடும். சில்லறை தீர்ந்த நிலையில் கண் இருண்டு, கை நடுங்கி, மிதிக்கும் வலு திடீரென அற்றுப்போகும். அனுபவசாலிகளுக்கும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இது நேர்கிறது.

ஏற்றத்தில் உதவும் மற்றொன்று பற்சக்கர விகிதம். நம் பள்ளி மிதிவண்டியில் முன்புறம் 44 பற்களும் பின்புறம் 18 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். பெடலை ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரை முறை சுழன்று, வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் நகரும். சமதரையில் இது போதும். கொண்டையூசி வளைவில் முழங்காலை முறித்துவிடும். பல கியர் கொண்ட சாலை மிதிவண்டியில் முன்னே 34, பின்னே 32 என மாற்றிக்கொண்டால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ இரண்டேகால் மீட்டர் மட்டுமே நகர்கிறது. வேலையின் மொத்த அளவு குறைவதில்லை. அதே சுமை சிறு சிறு தவணைகளாகப் பிரிக்கப்படுகிறது.

ஏறுவது வலு; இறங்குவது அறிவு. வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவின் நடுவில் பிரேக்கை இறுகப் பிடித்தால் சக்கரம் வழுக்கும். மலைச்சாலையில் ஏறிவரும் ஊர்திக்கு வழிவிடுவது மரபு. மிதிவண்டிக்கும் அது பொருந்தும்.

வியர்வையும் பின்னலும்

மலையில் செலவாகும் ஆற்றலில் முக்கால் பங்கு வெப்பமாகிறது என்று கண்டோம். அந்த வெப்பத்தை வெளியேற்றாவிட்டால் உடல் தாங்காது. ஒரு லிட்டர் வியர்வை முழுமையாக ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஆவியாகாமல் தரையில் சொட்டும் வியர்வையால் குளிர்ச்சி இல்லை. இங்கேதான் திருப்பூரின் தொழில் மிதிவண்டியைத் தொடுகிறது.

நெய்த துணியில் நூல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. பின்னல் துணியிலோ நூல் கண்ணி கண்ணியாக ஒன்றையொன்று கோத்துச் செல்கிறது. இழுத்தால் கண்ணிகள் உருமாறி நீள்கின்றன, விட்டால் மீள்கின்றன. குனிந்து அமர்ந்து ஓட்டுபவரின் முதுகை இறுக்காமல், காற்றில் படபடக்காமல் உடலோடு ஒட்டி நிற்க இத்தன்மையே காரணம். ஆனால் இவ்வூருக்குப் பெயர் தந்த பருத்திப் பனியன் நெடும்பயணத்திற்கு ஏற்றதன்று. இயல்பான சூழலில் பருத்தி தன் உலர் எடையில் ஏறத்தாழ 8.5 விழுக்காடு ஈரத்தைக் காற்றிலிருந்தே ஏற்கிறது. பாலியெஸ்டர் ஏற்பது 0.4 விழுக்காடு மட்டுமே. வியர்வையை உறிஞ்சிக் கனத்துப்போகும் பருத்தி மெதுவாகவே உலர்கிறது. ஈரத்துணி தோலை உராய்ந்து புண்ணாக்குகிறது. பாலியெஸ்டர் பின்னலில் ஈரம் இழைக்குள் புகாமல் இழைகளின் இடைவெளி வழியே வெளிப்பரப்புக்குப் பரவி விரைவில் ஆவியாகிறது. இருநூறு கிலோமீட்டர் ஓட்டத்தில் இவ்வேறுபாட்டைத் தோலே எடுத்துரைக்கும்.

இழந்த நீரோடு உப்பும் வெளியேறுகிறது. வெறும் நீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தால் குருதியில் சோடியம் குறைந்து தலைச்சுற்றல், குழப்பம், சில வேளைகளில் உயிருக்கே தீங்கு நேரலாம். உப்பிட்ட மோர் நம் நாட்டுச் சாலையோரங்களில் கிடைக்கும் நல்ல மருந்து. பங்குனி, சித்திரை மாதங்களில் காலை ஒன்பது மணிக்குள் வீடு திரும்பிவிடுவது அதைவிட நல்லது.

போட்டி நாள்

பிரெவேயில் தரவரிசை இல்லை என்றாலும், ஓட்டுபவருக்குப் போட்டி வேட்கை எழுவது இயல்பு. அதற்கும் களங்கள் உண்டு. ஒருவர்பின் ஒருவராகப் புறப்பட்டுக் கடிகாரத்தோடு மட்டும் போராடும் தனிநேர ஓட்டம் ஒருவகை. அனைவரும் ஒன்றாகப் புறப்பட்டு முதலில் எல்லைக்கோட்டைத் தொடுபவர் வெல்லும் கூட்டோட்டம் மற்றொரு வகை. 2008ஆம் ஆண்டு தொடங்கிய நீலகிரிச் சுற்றுப்பயணம், பொதுவாக ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் மாதத்தில் பல நாள்கள் நீலகிரியையும் அதன் சுற்றுப்புற மலைகளையும் கடக்கிறது. அதில் பெரும்பகுதி பயணம். குறிப்பிட்ட பகுதிகளில் மட்டும் விரும்புவோருக்கு நேரம் கணக்கிடப்படும் போட்டி. கல்லட்டி ஏற்றம் அவற்றுள் புகழ்பெற்றது.

கூட்டோட்டத்தில் வலுவானவரே வெல்வார் என்பதில்லை. ஆர்வத்தில் முன்னேயே நின்று அனைவருக்கும் காற்றைத் தடுத்துக் கொடுப்பவர், இறுதி முந்நூறு மீட்டரில் பின்னாலிருந்து வருபவரிடம் தோற்கலாம். வேலைக்குச் செல்லும் ஆர்வலருக்கு இன்னொரு பாடமும் போட்டி நாளில் கிடைக்கிறது. பல மாதம் உழைத்தவர் கடைசி வாரத்திலும் கடுமையாக ஓட்டி, களைத்த கால்களோடு தொடக்கக் கோட்டுக்கு வருவதுண்டு. கடைசிப் பத்து நாளில் தொலைவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்து, கால்களைப் புத்துணர்வாக வைத்திருப்பதே முறை. அந்நாள்களில் புதிதாக வலு சேராது. சேர்ந்த வலு வெளிப்படும்.

நாற்பது மணிநேரம்

பருவத்தின் கடைசிப் படியாக 600 கிலோமீட்டரை வைப்போம். சனிக்கிழமை விடுப்பு எடுத்தாயிற்று. முதல் இருநூறு கிலோமீட்டர் உடலின் பயிற்சியால் கடந்துவிடும். அடுத்த இருநூறில் இரவு வருகிறது. ஒளிதிருப்பும் மேலாடையும், எரியும் விளக்குகளும் அணியாதவரை விதிகள் இரவில் ஓட்ட விடுவதில்லை. கூட்டமாகத் தொடங்கியவர்கள் இப்போது ஒருவரும் இருவருமாகச் சிதறியிருப்பர். முன்விளக்கின் வட்டத்துக்குள் தெரியும் பத்து மீட்டர்ச் சாலைதான் உலகம்.

அதிகாலை இரண்டு முதல் ஐந்து மணி வரை உடலின் வெப்பநிலை தாழ்ந்து, உறக்கம் கட்டாயமாக அழைக்கும். கண் திறந்தபடியே நினைவு தப்பும் நொடிகள் வரும். அப்போது விழித்திருக்கப் பாட்டுப் பாடுவோர் உண்டு. தேநீர் குடிப்போர் உண்டு. இவை சிறிது நேரமே உதவும். முன்கூட்டியே கணக்கிட்டு, மிச்சம்பிடித்த நேரத்தில் இரண்டு மணிநேரம் பாதுகாப்பான இடத்தில் படுத்து உறங்குபவரே பெரும்பாலும் முடிக்கிறார். பகலில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் பத்து நிமிடம் வீணாக்காதிருந்தால் அந்த இரண்டு மணிநேரம் சேர்ந்துவிடும். வேகமாக ஓட்டிச் சேர்க்கும் நேரத்தைவிட, வீணாக்காமல் சேர்க்கும் நேரம் உடலுக்கு மலிவானது.

முடிக்க இயலாதவர்கள் எல்லாப் பயணத்திலும் உண்டு. முழங்கால் வீங்கியதாலோ, உடைந்த பாகத்தைச் சரிசெய்ய முடியாததாலோ, உறக்கம் மீறியதாலோ அவர்கள் வழியில் நின்று, அமைப்பாளருக்குத் தகவல் சொல்லிவிட்டுப் பேருந்திலோ தொடர்வண்டியிலோ ஊர் திரும்புவர். காலவரம்புக்கு ஒரு நிமிடம் கடந்து வந்தாலும் அட்டை செல்லாது. விதி இவ்வளவு கடுமையாக இருக்க வேண்டுமா என்று புதியவர்கள் கேட்பதுண்டு. ஆனால் இருபது மணிநேரத்திற்குப் பின் தொடரலாமா, நிறுத்தலாமா என்று இருளில் தனியாக முடிவெடுக்க வேண்டியவருக்கு விதியைவிடப் பெரிய வினா ஒன்று முன்னே நிற்கிறது. தூக்கக் கலக்கத்தில் நெடுஞ்சாலையில் தொடர்வதா, நான்கு மாத உழைப்பை விட்டுவிட்டுப் படுப்பதா? நிறுத்தத் துணிந்தவருக்குச் சான்றிதழ் இல்லை. அவருடைய முடிவைக் குறிக்க அட்டையில் இடமும் இல்லை.

முடித்தவர் ஞாயிறு இரவு ஒன்பதரைக்கு அட்டையைக் கொடுத்துக் கையொப்பம் பெறுகிறார். உள்ளங்கை மரத்துப்போயிருக்கும், விரல் நுனிகளின் உணர்வு சில நாள்கள் கழித்தே முழுதாகத் திரும்பும். திங்கட்கிழமை எட்டரை மணி ஷிப்டுக்கு அவர் அன்று மிதிவண்டியில் போகாமல் பேருந்தில் போவார். அக்டோபர் 31 வரை முடித்த தொலைவுகள் அந்தப் பருவத்தின் கணக்கில் இருக்கும். நவம்பர் முதல் நாள் அக்கணக்கு மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும்.